ஆஷா போட்ட சிவப்பு வட்டம்

சேலையூர்,
கிழக்குத் தாம்பரம்.

அன்பு மகன் ஜெர்சனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் உன் மனைவி ஆஷாவும் இங்கே சுகம், கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று குடும்ப ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். எதிர் வீட்டுத் தபீதாள் அக்கா தன் மகளைப் பார்க்க அங்கே வருகிறார், ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடம்பாக்கம் வரை நடந்துவிட்டு வந்து அதையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஆஷாவின் பள்ளிக்கூடத்தில் வீட்டார் வந்து வகுப்பைப் பார்க்கலாம் என்றார்கள், நானும் போய் அவளுடைய மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்கு அடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது, தாய்ப்பூனை இரை தேடி இறங்கிப் போயிருக்கிறது, பஸ் கிளம்ப வேண்டிய நேரம். அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு, பஸ் போகலாமா கூடாதா, உங்கள் கருத்தையும் காரணத்தையும் எழுதுங்கள் என்றாள். நம் பிள்ளைகளைத்தான் தெரியுமே, மிஸ், எது கரெக்ட் ஆன்சர் என்று ஒரே குரலில் கேட்டார்கள். அது எனக்கே தெரியாது, 'ஏனென்றால்' போட்டு என்னை நம்ப வையுங்கள் என்றாள். ஒரு பிள்ளை, பஸ் போகலாம், ஏனென்றால் எங்க அப்பா அப்படித்தான் சொல்வாங்க என்று எழுதியிருந்தது. அதற்குச் சிவப்பு வட்டம் போட்டு, இது அப்பாவோட காரணம், உன்னோடது எங்கே என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஏஞ்சல் என்று ஒரு வாண்டு எழுதியதைக் கேள். பஸ் போகக் கூடாது, ஏனென்றால் நமக்கு அடுத்த பஸ் வரும், குட்டிக்கு அடுத்த அம்மா வராது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே சூர்யா என்ற பையன் எழுந்து, போகணும் மிஸ், ஏன்னா எங்கம்மா மறைமலை நகர் கம்பெனிக்கு லேட்டா போனா கேட்லயே நிக்க வெச்சிடுவாங்க என்றான், அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆஷா இரண்டு பேரையும் மெச்சிவிட்டு, சூர்யா சொன்னதற்கு என்ன சொல்கிறாய் என்று ஏஞ்சலைக் கேட்டாள். அது யோசித்து, அவங்கம்மாவ மட்டும் ஆட்டோல அனுப்பிடலாம் மிஸ் என்றது. எவ்வளவு பொறுமை, எவ்வளவு சாமர்த்தியம் இந்தப் பெண்ணுக்கு. பக்கத்தில் இருந்தவர்களிடம், அவர்கள் கேட்காமலே, என் மருமகள் என்று சொல்லிக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதமே வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வா என்று நீ போனில் ஆஷாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் வருகிறேன், ஏன் அவசரம் என்று அவள் கேட்டதற்கு, நான் சொல்றேன்ல என்றாய். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் பதிலுக்கு நான் மனதுக்குள் ஒரு சிவப்பு வட்டம் போட்டேன். என் கருத்து, அவள் ஏப்ரல் வரை இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் இப்போதுதான் சொந்தமாக யோசித்துப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள், நடுவில் விட்டால் மறுபடி கரெக்ட் ஆன்சருக்குப் போய்விடுவார்கள். உனக்கும் காரணம் இல்லாமலில்லை. வீடியோவில் பேசும்போது உனக்குப் பின்னால் மேசையில் ஒற்றைத் தட்டு இருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தனியாக இருக்க முடியவில்லை என்று பெண்டாட்டியிடம் சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல்? அதைச் சொல். அவள் உடனே வந்தாலும் வருவாள், ஏப்ரலில் வந்தாலும் வருவாள், மனம் நொந்து மட்டும் வரமாட்டாள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. காதை மூடாமல் வெளியே போகாதே. இதற்கு மட்டும் காரணம் கேட்காதே, நான் சொல்றேன்ல.

இப்படிக்கு,
உன் அம்மா,
புஷ்பம் காலேப்