பருத்திக்கொட்டைப் பால்

மாப்பிள்ளை, இன்று காலை என் மகள் பருத்திக்கொட்டையை ஆட்டித் தொட்டியில் ஊற்றினாள். அந்தக் கொழுத்த வாசனை எழுந்தது. எருதுகள் உறிஞ்சிக் குடித்தன. நான் உங்கள் குதிரையை நினைத்துக்கொண்டு நின்றேன்.

இவள் பிறந்த அன்று, விடியும்போதே என் மனைவிக்கு வலி கண்டு, ஊர் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். புதுச்சத்திரத்தில் ஜட்கா வைத்திருந்த உங்களிடம்தான் ஓடிவந்தேன். "நீங்க ஊட்டுக்குப் போங்க மச்சான், நான் நர்சம்மாவக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நாமக்கல்லுக்கு விரட்டினீர்கள். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் வண்டி எங்கள் தோட்டத்து வாசலில் நின்றது. உங்கள் செவலைப் பெட்டைக் குதிரை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கடைவாயெல்லாம் நுரை.

வண்டியை அவிழ்த்ததும் நீங்கள் செய்கிற வேலை எனக்குத் தெரியும். மூச்சு அடங்கும்வரை மெல்ல நடத்துவீர்கள். வைக்கோல் பிரியால் தேய்த்து உடம்பை உலர்த்துவீர்கள். ஒவ்வொரு காலாகத் தடவிச் சூடு பார்த்து, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பீர்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீர், அதுவும் வாய் வாயாக. மாமியார் வீட்டுக்கு வந்த மருமகனுக்குக்கூட இந்த உபசாரம் கிடையாது என்று நான் கேலி செய்திருக்கிறேன். அன்று உங்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நர்சம்மா வெந்நீர் கேட்டார். நீங்கள் கோடாலியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போனீர்கள். "குதிரைய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

உழுது களைத்த எருதுக்கு என்ன செய்வோம்? கிணற்றுத் தண்ணீரைக் காட்டிவிட்டு, பருத்திக்கொட்டைப் பால் வைப்போம். நன்றியில் எனக்குக் கை நிற்கவில்லை. தொட்டி நிறைய வைத்தேன். மடமடவென்று குடித்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், பாவி.

உள்ளே குழந்தை அழுதது. வெளியே குதிரை முன்காலால் மண்ணைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுத்துப் புரளப் போனது. ஓடிவந்தீர்கள். காலித் தொட்டியைக் கண்டதும் உங்கள் முகம் செத்துவிட்டது. குதிரையின் ஈறை விரலால் அழுத்தினீர்கள். வெளுத்த இடம் சிவக்க வெகுநேரமாயிற்று. விலாவில் காதை வைத்தீர்கள்.

"வயித்துல சத்தமே இல்லீங்க மச்சான். மாடுன்னா அசை போட்டு ஆத்திக்கும். இதுக்கு வாந்தி எடுக்கக்கூட வராதுங்க."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அந்த ஒரு குதிரைதான் உங்கள் வீட்டுச் சோறு. என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

படுக்கவிடாமல் இருவரும் மாற்றி மாற்றி நடத்தினோம். "பொண்ணு பொறந்திருக்குதுங்க, போய்ப் பாருங்க" என்று என்னைப் பிடித்துத் தள்ளினீர்கள். நான் கயிற்றை விடவில்லை. வெயில் சாயும் நேரத்தில் குதிரை நின்று, வாலைத் தூக்கி, லத்தி போட்டது. நீங்கள் மறுபடி விலாவில் காதை வைத்து, "பேசுதுங்க மச்சான், வயிறு பேசுது" என்று அழுதுவிட்டீர்கள். குதிரை லத்தியைக் கையெடுத்துக் கும்பிட்டவன் சேலம் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். அப்புறம்தான் மகள் முகத்தைப் பார்க்கப் போனேன்.

குதிரைக்கு என்ன ஆயிற்று என்று ஊரார் கேட்டபோது, "என்ற தப்புங்க, வெரட்டி ஓட்டிட்டேன்" என்றீர்கள். ஜட்காக்காரருக்கு அதைவிடக் கெட்ட பெயர் உண்டா? குதிரையைக் கொல்லப் பார்த்தவன் என்று சந்தையில் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு தனியே கேட்டதற்கு, "புள்ள பொறந்த ஊட்டு மேல குத்தம் சொல்லக் கூடாதுங்க" என்று முடித்துவிட்டீர்கள்.

போன மாதம் உங்கள் இழவு வீட்டிலும் ஒருவர், "நல்ல மனுசன்தானுங்க, ஆனா ஒருக்கா குதிரைய வெரட்டியே சாகடிக்கப் பாத்தாரு" என்றார். அங்கேயும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன். அந்த வெட்கம் என்னை உறங்கவிடவில்லை.

இன்று தொட்டியருகே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வயது, நன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப மாமன் மேல தப்பில்லீங்களாப்பா?"

"இல்ல சாமி. என்ற தப்பு."

இத்தனை வருஷம் எனக்காக நீங்கள் சொன்ன சொல் அது. நாளைக்குச் சந்தை கூடுகிறது. அங்கேயும் போய்ச் சொல்லப்போகிறேன், மாப்பிள்ளை.