வெளிச்சம் பட்ட குழாய்

1960 ஏப்ரல் 7, வியாழன்

நுண்ணோக்கியில் செல்கள் விடும் மங்கலான ஒளியை அளக்கும் குழாய் எங்கள் கல்லூரியில் ஒன்றுதான். மின்சாரம் பாயும்போது அறை வெளிச்சம் பட்டாலே கெட்டுவிடும். இன்று நான் அளந்துகொண்டிருந்தபோது, பணிப்பெண் முனியம்மா இருட்டறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஒங்க கொயந்தைக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குதாம்மா! பக்கத்து வூட்டம்மா வந்து நின்னுக்கினு கீறாங்க."

பேராசிரியரிடம், திறந்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். முனியம்மாவின் ஊர் திருத்தணி. போன வாரம் அது எங்கள் மாநிலத்திலிருந்து பிரிந்து மெட்ராஸோடு சேர்ந்ததிலிருந்து, வெளிமாநிலத்துக்காரி என்று அவளை வேலையைவிட்டு அனுப்பச் சாக்குத் தேடுகிறார்கள்.

"இதுக்குத்தான் கைக்கொழந்தைக்காரி வேணாம்னேன்" என்றார் அவர் என்னிடம்.

குழாயை இருட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறோம். பிழைத்ததா என்பது நாளைதான் தெரியும். பாப்பாவுக்கு ஜுரம் இறங்கியிருக்கிறது. அளந்து முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்ற விதிப்படி முனியம்மா வெளியிலேயே காத்திருந்தால், நான் வீட்டுக்கு வர இருட்டியிருக்கும்.