லிசியைப் பெண் பார்க்க வந்தவர்கள்

1995, ஞாயிறு இரவு. பாறசாலை.

தங்கை லிசியைப் பெண் பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து இன்று வந்தார்கள். எல்லையில் எங்கள் கேரளப் போலீஸ்காரன் ஒருவன் காரை மறித்து, சாராயம் இருக்கிறதா என்று மாப்பிள்ளையின் அம்மாவை நடுரோட்டில் இறக்கி, பலகாரப் பெட்டியை லத்தியால் கிளறியிருக்கிறான்.

கிளறிய பெட்டியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுத்தான் அந்த அம்மா வீட்டுக்குள் வந்தார். நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

"பெண்ணுக்குக் குறையொண்ணும் இல்ல மக்கா. ஆனா உங்க ஊருக்கு இனி வரமாட்டேன்" என்று எழுந்துவிட்டார்.

அவர்கள் போனதும் லிசியிடம், "நம்ம ஊரு அப்படியில்ல, அது சர்க்காருக்க ஆளாக்கும்" என்றேன்.

"அவியளுக்கு ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா" என்றாள்.

களைப்பாக இருக்கிறது. இனி எல்லைக்கு இந்தப் பக்கமே மாப்பிள்ளை தேட வேண்டும்.