சிவப்பைத் தொடும் சிரிப்பு

மார்ச் 3, செவ்வாய்

ஒலிநூலில் ஏழாம் அத்தியாயம் முடிந்தது. வாசிக்கும் டீச்சர் வரியின் தொடக்கத்தில் அதட்டுகிறார், முடிவை விழுங்கிவிடுகிறார். சத்தத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரெஸர் போட்டேன். அதட்டலை அமுக்கி, விழுங்கியதைத் தூக்கிவிட்டது. பஸ்ஸில் கேட்கிறவர் இனி வால்யூமைத் தொடவே வேண்டாம். பதினாறு வருடமாக இதே வேலை.

மனைவி தவறிப்போய் இன்றோடு ஐந்து மாதம். சாப்பிட்டேன். பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 5

முதலாளி கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். "என்னய்யா, மூஞ்சிக்கும் கம்ப்ரெஸர் போட்டுட்டியா? திட்டினாலும் அப்படியே இருக்க, பாராட்டினாலும் அப்படியே இருக்க."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

மகளின் போன் விழுந்து நொறுங்கிவிட்டது. அவள் அம்மாவுடையதைக் கொடுத்தேன். உள்ளே இருந்ததை என் கணினிக்கு மாற்றிவிட்டு, போனில் எல்லாவற்றையும் அழித்தேன். படங்கள் நிறைய. குரல் ஒன்றே ஒன்று, மனைவி தன் தங்கைக்கு அனுப்பிய முப்பத்தெட்டு விநாடி. நான் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன கதை. சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிடுகிறது.

மார்ச் 11

அம்மா குரலைக் கேட்க வேண்டும் என்றாள் மகள். திறந்தேன். பேச்சு சன்னமாக இருந்தது. சிரித்ததும் ஒலியளவு காட்டும் மீட்டர் சிவப்புக்குத் தாவியது. கை தானாகப் போனது. சிரிப்பை அமுக்கினேன், பேச்சைத் தூக்கினேன், சேமித்தேன், மூடினேன். நாலு நிமிடம். சுத்தமாக வந்திருந்தது.

மகள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இது அம்மா இல்லப்பா. நியூஸ் வாசிக்கிற மாதிரி சிரிக்கிறாங்க."

சரி, பழையதைப் போடுகிறேன் என்றேன். பழையது இல்லை. அதன் மேலேயே சேமித்திருக்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வேன் — ஒரிஜினலைத் தொடாதே, காப்பி எடுத்துக்கொள். நான்தான் சொல்வேன்.

மார்ச் 12

அமுக்கியதை இழுத்து நீட்டிப் பார்த்தேன். தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது. பழைய சிரிப்பு இனி வராது.

மார்ச் 14

மனைவியின் தங்கையிடம் இருக்கும். கேட்க வேண்டும்.

அடக்கம் முடிந்த அன்று வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டாள்: "ஒரு சொட்டுக் கண்ணீர் வரல உங்களுக்கு. நீங்க கல்லா மாமா?" அதோடு பேச்சு நின்றது. அவள் கேட்டதில் என்ன தப்பு? எனக்கு ஏன் வரவில்லை? முயன்றுகூடப் பார்த்தேன்.

மார்ச் 15

கேட்கவில்லை.

மார்ச் 17

கேட்டேன். செய்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"அவ சிரிப்பு கூடவா உங்களுக்கு அதிகமா போச்சு?"

பிறகு அவளே, "தேடி அனுப்புறேன். இந்தத் தடவை அதுமேல கைய வச்சீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்," என்றாள்.

மார்ச் 18, மாலை

வந்துவிட்டது. முதலில் மூன்று இடத்தில் காப்பி எடுத்தேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏய், உன் மாமா இன்னிக்கு என்ன பண்ணாரு தெரியுமா..."

ஒரு கால் செருப்பு கறுப்பாம், ஒரு கால் பழுப்பாம். இரண்டுமே இடது காலாம். அதற்கு மேல் பேச்சு வரவில்லை அவளுக்கு. சிரிப்புதான். மீட்டர் சிவப்பில் ஏறி அங்கேயே நின்றது. ஸ்பீக்கர் கரகரத்தது.

"ரொம்ப சத்தமா இருக்காப்பா? குறைக்கவா?"

வேண்டாம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து கதவைத் தட்டினார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மகள்தான் போய்த் திறந்தாள்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. அப்பா அழறாரு."