பத்து மணி முதல் ஒரு மணி வரை

அக்டோபர் 7, திங்கள்

விழிஞ்ஞம் சர்வேயை எப்படி நடத்துவது என்று இன்று முடிவாகிவிட்டது. தேயிலைக் கம்பெனி கேட்பது இதுதான்: மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய வீடுகளில் எந்தத் தூளில், எப்போது டீ போடுகிறார்கள்? இந்தச் சர்வே ஆபீஸ் ராகேஷுடையது; அவன் என்னைவிடப் பத்து வயது இளையவன். ஆன்லைன் ஃபார்ம் போதும் என்றான். நேரில்தான் போகவேண்டும் என்றேன் நான். ஐந்து வீட்டுக்கு ஒன்று, காலை பத்து முதல் ஒரு மணி வரை. ஆன்லைனில் பதில் வரும். பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் இருக்குமே, அது வராது. அதைக் கேட்கத்தான் இந்த வேலையில் இருக்கிறேனோ?

அக்டோபர் 10, வியாழன்

தாசம்மாள் அக்கா ஃபார்ம்களோடு கிளம்பிவிட்டாள். பதினோரு வருஷமாக எங்கள் ஃபீல்டு ஆள். இந்த வேலையில்தான் மகளை நர்சிங் படிக்கவைக்கிறாள். நாள் முழுக்க மழை. நான் பார்க்காத கதவுகள் ஒவ்வொன்றாகத் திறப்பதை நினைத்துக்கொண்டே ஜன்னலருகில் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 16, புதன்

அறுபது ஃபார்ம் வந்தது. 'நாளின் முதல் டீ எப்போது?' காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை நான்கு கட்டம் கொடுத்திருந்தேன். இருபத்து மூன்று ஃபார்மில் எதிலும் டிக் இல்லை. ஓரத்தில் அக்காவின் சாய்ந்த கையெழுத்து: சாயங்காலம் நாலு.

ராகேஷ் சிரித்தான். "சேச்சி, இது வீட்டுக்கே போகாம மரத்தடியில உட்கார்ந்து எழுதினதாணு. ஆராவது நாலு மணிக்கு உறக்கம் எழும்புமோ?" அக்காவை நிறுத்திவிட்டு இனி எல்லாம் ஆன்லைன் என்கிறான். சனிக்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 17, வியாழன்

பதினோரு மணிக்கு, அந்த இருபத்து மூன்று ஃபார்மில் இருந்த நம்பர்களில் பத்து வீட்டுக்குப் போன் செய்தேன். ஆறு பேர் எடுக்கவில்லை. எடுத்த நாலு பெண்களிடமும் கேட்டேன், சர்வேக்கு யாராவது வந்து கதவைத் தட்டினார்களா என்று. நாலு பேரும் ஒரே பதில் — யாரும் தட்டவில்லை.

அக்கா, ஏன் இப்படிப் பண்ணின? பதினோரு வருஷம்! இனி நான் என்னத்தச் சொல்லி உன்னைக் காப்பாத்த?

ஆனால் ஏன் நாலு பேரும் அவ்வளவு ரகசியமாகப் பேசினார்கள்?

அக்டோபர் 18, வெள்ளி

அக்காவையே கூட்டிக்கொண்டு போனேன். நண்பகல். தெரு முழுக்க மூடிய கதவுகள். வாசலில் செருப்புகள். உள்ளே மின்விசிறிச் சத்தம், குறட்டை. நாய்கூடத் தலை தூக்கவில்லை. தண்ணீருக்கடியில் நடப்பது போலிருந்தது.

தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டப்பிடாது மேடம். ராத்திரி முழுக்கக் கடல்ல கெடந்தவன், இப்பத்தான் கண்ண மூடியிருக்கான்."

"அப்ப யார்கிட்ட கேட்டீங்க?"

"குழாயடியில இருந்தேன். தண்ணிக்கு வார பொம்பளையள்ட்ட வீட்டு நம்பரக் கேப்பேன். நம்ம கணக்குல உள்ள வீடுன்னா அவியகிட்ட கேட்டு எழுதுவேன். ஆம்பளைய எழும்பினதும் அவங்ககிட்டயும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"பத்து டூ ஒண்ணுன்னு பேப்பர்ல போட்டது ஆரு? நேரம் தாண்டி நின்னேன்னு சொன்னா வைவியளேன்னு பயந்தேன்."

காத்திருந்தோம். நாலு மணிக்குக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தெரு முழுக்க டீ வாசனை. குடத்தோடு வந்த ஒரு பெண் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

இரவில் தூங்கிக் காலையில் எழுகிறவள் நான். அந்த நேரத்தையே இவர்களுக்கும் வைத்துவிட்டேன். போனில் கேட்ட கேள்வியும் தப்பு. தட்டினார்களா என்று கேட்டால் இல்லை என்றுதானே சொல்வார்கள்?

அக்டோபர் 22, செவ்வாய்

அறிக்கையில் எழுதினேன்: நேரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது நான், ஃபீல்டில் பிழை இல்லை.

"இது வேணோ சேச்சி? கிளையண்ட் வாசிக்கும்" என்றான் ராகேஷ்.

"வேணும்."

நவம்பர் 11, திங்கள்

அடுத்த சர்வேக்காக மலையடிவாரத்து வித்துராவுக்குப் போகும் பஸ்ஸில் எழுதுகிறேன். நான் பார்த்த திட்டம் போடும் வேலை இப்போது அஸ்வதிக்கு. அவள் ஆபீசுக்கு வந்து ஒரு வருஷம்தான். "கொஞ்ச நாள் ஃபீல்டு பாருங்க" என்று ராகேஷ் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். ஜன்னலில் பனிதான் வருகிறது.

தாசம்மாள் அக்காதான் டீம் லீடர். பன்னிரண்டு ஃபார்மை எண்ணி என் மடியில் வைத்தாள். பையைத் துழாவினேன். எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பென்சிலைத் தவிர ஒன்றுமில்லை.

"ஃபீல்டுக்கு வாரவ பேனா இல்லாமலா வாரது, மக்களே?"

இத்தனை வருஷத்தில் மேடம் என்றில்லாமல், பெற்ற மகளைக் கூப்பிடுவதுபோல் அவள் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அவள் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டேன்.