கண்ணாடி எழுத்து

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் சமையலறை வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தேன். முன் அறை விண்கலமாகி இரண்டு மாதம் ஆகிறது. வாசல் கதவை மறைத்துக்கொண்டு கன்ட்ரோல் பேனல் நிற்கிறது: ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, முட்டைத் தட்டு, வெள்ளிப் பெயின்ட். தபால்காரரே பின்பக்கம் சுற்றி வரப் பழகிவிட்டார்.

நாங்கள் எடுக்கும் படம் பதினைந்து நிமிடம். வேற்றுக்கிரகக் கலம் ஒன்றில் மாட்டிக்கொண்ட விமானி, கதவு திறக்கவில்லை. டைரக்டர், அண்ணன். விமானி, அண்ணி, மற்ற நாட்களில் பள்ளியில் கணக்கு டீச்சர். கேமராக்காரர் ஒருவர். எடிட்டர் ஒருவர்; எதைக் கொடுத்தாலும் வெட்டுவதால் அவர் பெயர் ‘கத்தரி’. மீதி எல்லாம் நான். சுவர் பெயின்ட், வேற்றுக்கிரக எழுத்து, டீ, கன்டின்யூட்டி. முந்தின காட்சியில் இருந்தது அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கன்டின்யூட்டி. எனக்கு ரொம்பப் பொருத்தம். இந்த வீட்டில் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வதுதானே பதிமூன்று வருடமாக என் வேலை.

மார்ச் 5, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது! எழுத்துரு செய்யும் நிறுவனம். நான் அனுப்பிய மாதிரி எழுத்துகள் பிடித்துவிட்டதாம். வேறு ஊர், ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். 30ஆம் தேதி திங்கட்கிழமை சேராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கடிதத்தைப் பிரஷ் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது? போன தடவை இப்படி ஒன்று வந்தபோது, “போறதுன்னா போ, தடுக்க நான் யாரு?” என்றான். அப்புறம் நாலு நாள் பேச்சில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஐந்தாம் நாள் நானே ‘வர இயலாது’ என்று எழுதிப் போட்டேன். அன்று மாலையே எனக்குப் புது பிரஷ் செட் வாங்கி வந்தான்.

அம்மா அப்பா போனபின் எனக்காகப் படிப்பை விட்டவன். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 7, சனி

ஏழாம் காட்சிக்குப் பேனல் முழுக்கப் புது எழுத்து வேண்டுமாம். என் வேற்றுக்கிரக எழுத்து ஒரு சின்ன மோசடி. தமிழைத்தான் இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல் எழுதுகிறேன். ப மட்டும் எப்படித் திருப்பினாலும் ப-வாகவே நிற்கும். அதற்கு ஒரு வால் வைத்து ஏமாற்றுவேன். இதுவரை எழுதியதெல்லாம் ‘பால் வாங்கணும்’, ‘துணி மடிக்கணும்’. ஒருவருக்கும் தெரியாது.

இன்று கை வேறு எதையோ எழுதியது. ‘அண்ணா, என்னைப் போக விடு.’ ஒரு தடவை எழுதியதும் நிறுத்த முடியவில்லை. பேனல் நிறைய அதேதான்.

அண்ணன் வந்து பார்த்தான். “அட்டகாசம்! பார்த்தாலே பயமா இருக்கு,” என்றான்.

எனக்கும்தான்.

மார்ச் 8, ஞாயிறு

ஏழாம் காட்சி முடிந்தது. அண்ணி அந்த விண்வெளி உடுப்புக்குள் வெந்துபோனார். “வேற கிரகம் வரைக்கும் தனியா வந்தவளுக்கு பாத்ரூம் போக ரெண்டு ஆள் வேணும்,” என்று அலுத்துக்கொண்டார். விமானியின் காயத்துக்கு நான்தான் கட்டுப் போட்டேன். என் குறிப்பில் ‘இடது கை, மூன்று சுற்று’ என்றிருந்தது, சுற்றினேன். மனசெல்லாம் பிரஷ் டப்பாவில்.

மார்ச் 12, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கத்தரி படத்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆறாவது சீன்ல கட்டு வலது கையில. ஏழாவதுல இடது கையில. காயம் நடந்து போச்சா?”

குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஆறாம் காட்சி அன்று கேமரா பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. நான் எழுதிய இடது, திரையில் தெரியும் இடது. அண்ணிக்கு அது வலது! யாருடைய இடது என்று எழுதி வைப்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். கோட்டை விட்டேன்.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “பரவாயில்லம்மா, திரும்ப எடுத்துக்கலாம். எடிட் முடியற வரைக்கும் செட்ல ஒரு ஆணியக்கூடத் தொட மாட்டேன்,” என்றான். கேமராக்காரருக்கு ஏப்ரல் நாலு வரை கல்யாண வீடியோ. அப்புறம்தான் வருவாராம்.

ஏப்ரல் நாலு. அதுவரை இங்கே இருந்தால் வேலை போச்சு.

மார்ச் 18, புதன்

கத்தரி வழி கண்டுபிடித்துவிட்டார். காட்சியையே இடவலமாகத் திருப்பினால் இடது கை வலது கை ஆகிவிடும். “எழுத்தும் சேர்ந்து திரும்பும். வேற்றுக்கிரக எழுத்துதானே, எவனுக்குப் புரியப்போகுது?” என்றார். அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“நாளைக்குப் பண்ணிக்கலாமே,” என்று மட்டும் சொன்னேன்.

திருப்ப வேண்டாம் என்று தடுத்தால் மறுபடி ஷூட்டிங்: ரகசியம் தப்பும், வேலை போகும். திருப்பினால் — கண்ணாடி எழுத்து நேராகி, என் மனசில் இருப்பதெல்லாம் திரையில். தடுப்பதற்குப் பொய்கூடத் தயார்: வெளிச்சம் மறுபக்கம் விழும், கண்டுபிடித்துவிடுவார்கள். அண்ணன் நம்பிவிடுவான். நான் எது சொன்னாலும் நம்புவான். ஏன்டி, ஒரு வரி சொல்ல உனக்கு வாய் இல்லையா? அதுக்கு ஒரு விண்கலம் வேணுமா?

மார்ச் 19, வியாழன்

“திருப்பிடுங்க,” என்றேன்.

ஒரு பட்டன்தான். முதலில் படித்தது அண்ணி, பிள்ளைகளின் கிறுக்கலைத் திருத்திப் பழகியவர். “அண்ணா... என்னை... ஏய், இது தமிழ்!” மீதியை மனசுக்குள் படித்துவிட்டு என் பக்கம் வந்தார். என் முதுகில் கை வைத்தார். கத்தரி, டீ குடித்துவிட்டு வருவதாக எழுந்து, முன் அறைக்குப் போய், அங்கே வழியில்லாமல் திரும்பி வந்து சமையலறை வழியாக வெளியேறினார்.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “எத்தனை தடவ எழுதியிருக்க?”

“எண்ணல அண்ணா.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. போன தடவ.”

கடிதத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். அழுதேன், ஆனால் திருப்பி வாங்கவில்லை.

மார்ச் 21, சனி

இரண்டு நாளாகப் பேச்சில்லை. ஆனால் சாப்பிடுகிறான். இந்த முறை நான் எதுவும் எழுதிப் போடப்போவதில்லை.

மார்ச் 28, சனி

நாளைக்கு ரயில். காலையில் முன் அறையில் சத்தம் கேட்டுப் போனேன். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகப் பேனலைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“உன் பெட்டி பெருசு. சமையலறை வழியாப் போகாது,” என்றான், என் பக்கம் திரும்பாமல்.

“அப்ப அந்த சீன்? திரும்ப எடுக்க முடியாதே.”

“எதுக்கு எடுக்கணும்? திருப்பினபடியே இருக்கட்டும். படிக்கிறவன் படிக்கட்டும்.” ஒரு ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டான். “இந்தா, அந்தப் பக்கம் பிடி.”

பிடித்தேன். பேனல் இறங்கியது. பின்னால் வாசல் கதவு இறுகிப்போயிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம்.