ஏழு பேருக்கு மேசை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு நீலக் கோப்பும் வந்திருக்கும். கோப்பைத்தான் முதலில் பிரித்திருப்பாய், தெரியும். பரவாயில்லை, உங்களுக்கு வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கையில் கட்டும் நுழைவுப் பட்டைகள் ஐந்து, கேளிக்கைப் பூங்காவின் வரைபடம், நான்கு நாளைக்கான சாப்பாட்டு அட்டவணை, பதினோரு உணவகங்களின் முன்பதிவுச் சீட்டுகள். பட்டையை ஒரு தடவை கட்டிவிட்டால் ஊர் திரும்பும்வரை கழற்றக் கூடாதாம். பெரியவனிடம் இரண்டு தடவை சொல்லி வை.

இங்கே அப்பா அம்மா இருவரும் நலம். அப்பாவுக்கு இந்த வாரம் சர்க்கரை அடங்கி இருக்கிறது. அம்மா புதுச் செருப்பு வாங்கி, அது காலைக் கடிக்காமல் இருப்பதற்காக வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கிறாள். சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தே இதற்குள் பாதிப் பூங்காவைச் சுற்றியிருப்பாள்.

அட்டவணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பச்சைக் கோடு போட்டதெல்லாம் அப்பாவுக்காக. ஊசி போட்ட கால் மணி நேரத்துக்குள் தட்டு முன்னால் இருக்க வேண்டும். அதனால் மேசையில் உட்கார்ந்து, சாப்பாடு வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள். அவரே போட்டுக்கொள்வார். ஆனால் இன்சுலின் பேனாவில் இருக்கும் அளவு எண் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிவது போல நடிப்பார். நீ வாங்கித் திருப்பி வைத்துக் கொடு. உதவி செய்கிறாய் என்று காட்டிக்கொள்ளாமல் செய். பேனாவைப் பார்க்கலாமா என்று கேட்பது போல வாங்கினால் கொடுத்துவிடுவார்.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு ஊர்வலம் போகும்போது நடுப்பாதையை அடைத்துவிடுவார்கள். அன்றைக்கு மதியச் சாப்பாட்டை அந்தப் பாதைக்கு இந்தப் பக்கமே போட்டிருக்கிறேன். அத்தானுக்கு இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்பதால் கண்ணாடித் தொட்டிக்கு நடுவில் இருக்கும் அந்த மீன் உணவகத்தில் அவருக்குத் தனி வாணலியில் செய்யச் சொல்லியிருக்கிறேன். அங்கே போனதும் மறுபடி நினைவூட்டுங்கள். உங்கள் வீட்டு அத்தைக்கு முட்டை வாடை ஆகாது; காலை உணவுக்கு அவர்களை ஆம்லெட் போடும் இடத்துக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். பெரியவனுக்குத் தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். பிரிவு வைத்த தட்டு எல்லா இடத்திலும் கிடைக்கும். கடைசி நாள் இரவு மட்டும் கிடைக்காது, கையில் ஒன்று எடுத்துப் போங்கள்.

இவ்வளவு சரியாகப் போட்டேனே, அக்கா. அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு நாளுக்கும் அறுபது நாள் முன்னால், காலை ஆறு மணிக்கு முன்பதிவு திறக்கும். நல்ல இடங்கள் ஆறு பத்துக்குள் முடிந்துவிடும். நான்கு நாளும் ஐந்தரைக்கு எழுந்து, பல் கூடத் தேய்க்காமல் கணினி முன்னால் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று எனக்குச் செய்தி அனுப்பச் சொல்லி நீதான் எல்லாரிடமும் சொன்னாய். அனுப்பினார்கள். அப்பா, அம்மா, நீ, அத்தான், அத்தை, பெரியவன். சின்னவளுக்காக நீயே எழுதினாய். ஏழு செய்தி. ஏழையும் வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு ஏழு பேருக்கு மேசை கேட்டேன். பதினோரு தடவை கேட்டேன். எனக்கு நானே செய்தி அனுப்பிக்கொள்ளவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

தப்பு என்னுடையது. அதை யார் மேலும் போடவில்லை. மருத்துவமனையில் நூற்று நாற்பது நர்சுகளுக்கு டியூட்டி போடுகிறவள் நான். எந்த வார்டில் எந்த ஷிஃப்டுக்கு ஓர் ஆள் குறைந்தாலும் தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். அந்தத் தாளில் என் பெயர் மட்டும் இருக்காது, போடுகிறவள் என்பதால். பழக்கதோஷம் என்று சிரித்துவிட்டிருக்கலாம். முதலில் சிரிக்கவும் செய்தேன்.

கண்டுபிடித்தது கூட நான் இல்லை. கரடி வேடம் போட்டவர் மேசை மேசையாக வரும் அந்தக் காலை உணவு இருக்கிறதே, அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கரடி எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும், அதற்குப் பெயர்கள் வேண்டும் என்றாள். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எழுதிக்கொண்டு திரும்ப வாசித்தாள். அப்புறம், “உங்க பேரு எதுங்க மேடம் இதுல?” என்று கேட்டாள். நான் தாளில் இருந்த ஏழு பெயரையும் மறுபடி எண்ணினேன். இணைப்பு போய்விட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ சொன்னாள். நான் இதில் இல்லைங்க என்றேன். சரிங்க மேடம் என்று வைத்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தி, அக்கா. அவளுக்குத் தோன்றியது.

அன்றே பதினோரு இடத்துக்கும் ஃபோன் செய்தேன். எட்டாவது ஆளுக்கு எங்கும் இடமில்லை. கூடுதல் நாற்காலி போட்டால் நடைவழியை மறிக்குமாம், தீயணைப்பு விதியாம். ஓர் இடத்தில் மட்டும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடலாம், அங்கிருந்து உங்கள் மேசை தெரியும் என்றார்கள்.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். யாராவது கவனிக்கிறார்களா என்று காத்திருந்தேன். ஒவ்வொரு மேசைக்கும் யார் எங்கே உட்கார வேண்டும் என்று படம் வரைந்து குடும்பக் குழுவில் போட்டேனே, நினைவிருக்கிறதா? ஏழு நாற்காலி, ஏழு பேர். அப்பாவின் நல்ல காது பக்கம் அம்மா, பெரியவனுக்கு எட்டும் தூரத்தில் நீ. எல்லாரும் பார்த்தீர்கள். அப்பா தன் நாற்காலியை ஏசி காற்று நேராக அடிக்காத இடத்துக்கு மாற்றச் சொன்னார். அத்தான் காலை உணவை அரை மணி நேரம் தள்ளச் சொன்னார். அத்தை, நாற்காலிக்குக் கைப்பிடி உண்டா என்று கேட்டார்கள். நீ கைதட்டும் பொம்மை மூன்று போட்டாய். ஒவ்வொன்றையும் திருத்தித் திருத்தி ஐந்து தடவை அனுப்பினேன். ஐந்திலும் ஏழு நாற்காலிதான். முப்பது நாள் ஆயிற்று.

ஏதோ பரீட்சை வைத்துவிட்டு ஒளிந்து நின்று பார்க்கிற மாதிரிதான் இது. நல்ல குணம் இல்லை. வைத்திருக்கக் கூடாது, வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பாத்திரம் கழுவும்போது சொன்னேன். குழாயை மூடாமலே கேட்டாள். அப்படியா, அடடா என்றாள். ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நீ எப்படியும் எல்லாரும் சாப்பிட்டப்புறம்தானே உக்காருவ” என்றாள். கோபமாக இல்லை, சமாதானமாகத்தான் சொன்னாள். அவள் சொன்னது உண்மையும்கூட. இந்த வீட்டில் நாற்காலி ஐந்து இருக்கிறது, ஆள் மூன்று பேர். நான் நின்றுகொண்டு சாப்பிடுகிறேன். எப்போதிலிருந்து என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

அவள் உன்னிடம் சொல்லிவிட்டாள் போல. சாயங்காலமே நீ கூப்பிட்டாய். உன் எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. பெரிய ஆசை இல்லை. ‘பதினோரு இடமும் வேண்டாம்டி, பாதியை ரத்து பண்ணு, எட்டுப் பேரும் சேர்ந்து எங்கேயாவது கைக்குக் கிடைத்ததை வாங்கிப் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்’ என்று நீ சொல்லுவாய் என்று. நான் வேண்டாம் என்றிருப்பேன். அப்பாவின் ஊசி, அத்தையின் முழங்கால் என்று ஆயிரம் காரணம் சொல்லி நானே உன்னைத் தடுத்திருப்பேன். தடுக்க எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தால் போதும், ஏழு பேருக்குப் போட்ட மேசையை ஏழு பேருக்கே விட்டுவிட்டு அந்த வாசல் ஸ்டூலில் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பேன்.

நீ சொன்னது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு வார்த்தை வார்த்தையாக இருக்கிறது. “நீ அட்ஜஸ்ட் பண்ணிப்பேன்னு எனக்குத் தெரியும்டி. ஒண்ணு பண்ணு, நாங்க சாப்பிடற நேரத்துல நீ போய் அடுத்த ரைடுக்கு வரிசைல நின்னுக்கோ. நாங்க வந்து சேந்துக்கறோம்.” சொல்லிவிட்டு, யோசனை நன்றாக இருக்கிறது என்று உனக்கே பிடித்துப்போய் அத்தானைக் கூப்பிட்டும் சொன்னாய். அவர் அங்கிருந்து, “அட, மூளைக்காரி” என்றது எனக்குக் கேட்டது. உன்னைத்தான் சொன்னார்.

நல்ல யோசனைதான். ஒரு மணி நேரம் மிச்சமாகும். நானே அட்டவணையில் போட்டிருக்க வேண்டியது.

நான் வரவில்லை, அக்கா. என் பட்டையை இந்த உறையில் வைக்கவில்லை, என்னிடமே இருக்கிறது. அப்பா அம்மாவை ரயில் ஏற்றிவிடுகிறேன். அவர்கள் பட்டை அம்மாவின் கைப்பையில், முன் அறையில். நீங்கள் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் ஸ்டேஷனில் இறங்கி அவர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டி, எந்த வாசல் என்று கோப்பின் கடைசித் தாளில் இருக்கிறது. எனக்கு விடுப்பு ரத்தாகிவிட்டது, வார்டில் ஆள் குறைவு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் உடனே நம்பினாள். உண்மையில் ரத்தாகவில்லை. நீயும் அவளிடம் அப்படியே சொல். பூங்காவில் யாராவது நான் எங்கே என்று கேட்டாலும் அப்படியே சொல். கேட்கும்போது சொன்னால் போதும்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்பாய். இருக்கிறது. எவ்வளவு என்று இன்னும் பார்க்கவில்லை. என் மேலும் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள், எங்கே விட்டாலும் இருப்பாள் என்று நீங்களாகவே நினைத்துக்கொள்ளவில்லை. நான் சின்ன வயதிலிருந்து உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு எல்லாரும் என்னைப் பாராட்டியும் இருக்கிறீர்கள். பாராட்டு எனக்குப் பிடித்தும் இருந்தது.

கடைசியாக ஒன்று. அட்டவணையில் சின்னவளுக்கு நேரே உள்ள கட்டம் பதினோரு இடத்திலும் காலியாக இருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்காதே. அவளைப் பற்றி நீ அனுப்பிய செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன். ‘இவளுக்கு எது இருந்தாலும் ஓகே, தொந்தரவே இல்லாத குழந்தை.’ அம்மா என்னைப் பற்றி வருகிறவர்களிடம் சொல்லும் வாக்கியம் இதுவேதான். அவளுக்கு ஐந்து வயதுதான் ஆகிறது. போன தடவை வந்திருந்தபோது, அண்ணன் வேண்டாம் என்று ஒதுக்கிய ரொட்டியின் ஓரத்தை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு எல்லாரையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். யாராவது நல்ல பிள்ளை என்று சொல்லப் போகிறார்களா என்று பார்த்தாள். நீ சொன்னாய். நானும் சொன்னேன்.

அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதினேன். ஒவ்வொரு மேசையிலும் அவளிடம் முதலில் கேள். எதுவாக இருந்தாலும் போதும் என்பாள். அதோடு விட்டுவிடாதே. பரிமாறுகிறவர் நிற்கட்டும், அப்பாவைத் தவிர மற்றவர்கள் பசியோடு இருக்கட்டும். அவள் யோசித்து, தப்பாகச் சொல்லி, மாற்றிச் சொல்லி, இது வேண்டாம் என்று அழுதாலும் அழட்டும். தொந்தரவு செய்யட்டும், அக்கா. பேனா ஒன்று கோப்பிலேயே செருகியிருக்கிறேன். அவள் கேட்டதை அந்தக் கட்டத்தில் உன் கையால் எழுதி எனக்கு அனுப்பு.

போய்ச் சேர்ந்ததும் அப்பாவின் காலில் செருப்பு வார் அழுத்தியிருக்கிறதா என்று பார். எல்லாரும் பத்திரமாகப் போய் நன்றாகச் சாப்பிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உன் தங்கை